கல்லீரலுக்குள் இறங்கிய கோடு

இதய எம்.ஆர்.ஐ. படங்களில் இடது கீழறையின் சுவரைக் கணினியே கண்டுபிடித்துக் கோடு போட வேண்டும். முதுகலைப் படிப்பில் நான் எடுத்துக்கொண்ட வேலை இது. பயிற்சிக்கு 2017-இல் ஏசிடிசி என்ற இதயப் பட ஆய்வுப் போட்டிக்காக வெளியிட்ட தொகுப்பு கிடைத்தது. பிரான்சில் திஜோன் பல்கலைக்கழக மருத்துவமனையில் 150 பேருக்கு எடுத்த படங்கள் அவை. படத்தில் உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் யூ-நெட் என்ற கணினி மாதிரியைப் பழக்கினேன். அது குறித்த பரப்பும் நிபுணர் குறித்த பரப்பும் எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் டைஸ் மதிப்பெண் நன்றாகவே வந்தது. பாதி வேலை முடிந்துவிட்டது என்று நம்பினேன்.

வழிகாட்டிய இதயநோய் மருத்துவர் மதிப்பெண்ணைப் பார்க்கவே இல்லை. “கோட்டைக் காட்டு தம்பி” என்றார். படத்தைப் பெரிதாக்கினேன். ரத்தம் வெளுப்பு, தசை கறுப்பு என்பதால் உள்விளிம்பு ஒழுங்காக இருந்தது. வெளிவிளிம்புதான் கெட்டிருந்தது. இதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தின்மேல் படிந்திருக்கிறது, அதற்குக் கீழே கல்லீரல். தசையும் கல்லீரலும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். என் கோடு சுவரைத் தாண்டிக் கல்லீரலுக்குள் நான்கு பிக்சல் இறங்கியிருந்தது.

நான்கு பிக்சல் சின்ன விஷயமில்லை. ஒரு பிக்சல் 1.5 மி.மீ. என்றால், சுமார் 10 மி.மீ. தடிமனுள்ள சுவர் ஏழு பிக்சல்கூட வராது. உள்விளிம்பும் அப்படித்தான்: 25 மி.மீ. ஆரமுள்ள அறையில் கோடு சுற்றிலும் ஒரே ஒரு பிக்சல் உள்ளே நகர்ந்தால் பரப்பில் 12 சதவீதம் போய்விடும். இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்ற கணக்கு இந்தப் பரப்புகளிலிருந்துதான் வருகிறது. டைஸ் மொத்தப் பரப்பின் ஒற்றுமையைச் சொல்லும். ஓரிடத்தில் கோடு வழிதவறினால் காட்டிக்கொடுக்காது. அன்றிலிருந்து மாதிரியின் கோட்டுக்கும் நிபுணரின் கோட்டுக்கும் இடையிலான மிக அதிக விலகலைச் சொல்லும் ஹவுஸ்டார்ஃப் தூரத்தையும் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் எல்லாப் படங்களையும் ஒரே பிக்சல் அளவுக்கு மாற்றினேன். பிறகு, விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிழை செய்கிறதோ அவ்வளவு தண்டனை கூடும்படி இழப்புச் சார்பை, அதாவது பழக்கும்போது மாதிரியின் பிழையை அளக்கும் சூத்திரத்தைத் திருத்தினேன். பெரிய மாற்றம் இதனால்தான் வந்தது. அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாப்பில்லரி தசைகளைச் சுவரோடு சேர்த்து மாதிரி குழம்பிய இடங்களும் இருந்தன; இந்தத் தொகுப்பில் அவை அறையைச் சேர்ந்தவை.

மூன்று மாதம் கழித்து மருத்துவர் மறுபடி உட்கார்ந்தார். அடிச்சுவரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த படத்துக்குப் போனார். இதய நுனிக்கு வந்ததும் சுட்டியை எடுத்து இரண்டு படங்களில் மட்டும் கோட்டைத் தானே திருத்தினார். இப்போது நுனியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.