மெகாவாட்டும் யூனிட்டும்: குரூப் 1 முதன்மைத் தேர்வின் எரிசக்திப் பகுதியைப் படித்த அனுபவம்

குரூப் 1 இறுதி முடிவு வெளியாகிப் பதினொரு நாட்கள் ஆகின்றன. பட்டியலில் என் பதிவெண் இருக்கிறது. இரண்டரை ஆண்டுகளாகக் கோத்தகிரி நூலகத்தில் என் எதிரே அமர்ந்து படித்தவரும், எரிசக்திப் பகுதியில் என்னைவிடப் பலமடங்கு தெளிவுள்ளவருமான அரவேணு அக்காவின் எண் இல்லை. நான் எழுதப்போகும் பலவற்றை அவரிடமிருந்தே கற்றேன் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடத்திட்டமும் தாள்களும் உங்களுக்குத் தெரியும். நேராக அணுமின்சாரம், மின்வாகனம் என்ற ஒரு பகுதிக்கு வருகிறேன்.

முதல்முறை முதன்மைத் தேர்வில் நான் தோற்றதற்குக் காரணம் படிக்காதது அல்ல. கோவையில் ஒரு பயிற்சி மையம் கொடுத்த நான்கு பக்கக் குறிப்பை வரி பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தேன். அதில் “கூடங்குளம் ஆண்டுக்கு 2,000 மெகாவாட் மின்சாரம் உற்பத்தி செய்கிறது” என்று அச்சிட்டிருந்தார்கள். நானும் அப்படியே எழுதிக்கொண்டிருந்தேன். தேர்வு முடிந்த பிறகுதான், எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவரிடம் ஒரு மாதிரி விடையைக் காட்டினேன். அந்த வரியின் கீழ் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு, பதினைந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்: “மணிக்கு நாற்பது கிலோமீட்டர் போற பஸ், வருஷத்துக்கு நாற்பது கிலோமீட்டர் போகுதுன்னு எழுதுவியா தம்பி?”

மெகாவாட் என்பது வேகம், யூனிட் (ஒரு கிலோவாட் வீதம் ஒரு மணி நேரத்தில் வரும் மின்சாரம்) என்பது கடந்த தூரம். இந்த ஒரு வேறுபாடு கைவந்தால் எரிசக்திப் பகுதியில் பாதி முடிந்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1,000 மெகாவாட் உலை ஒன்று, ஆண்டின் 8,760 மணி நேரத்தில் 80 சதவீதத் திறனில் ஓடினால், சுமார் 700 கோடி யூனிட் தரும். 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்ற கணக்கில் ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் மின்சாரக் காருக்கு 1,800 யூனிட் போதும். அப்படியானால் ஓர் உலை, மின்கடத்தல் இழப்பைக் கழித்த பிறகும், 30 லட்சம் கார்களுக்குக் குறையாமல் மின்சாரம் தரும். இந்த மூன்று வரிக் கணக்கை விடைத்தாளின் ஓரத்தில் போட்டுக்காட்டிய பிறகு, ‘அணுமின்சாரமா, மின்வாகனமா’ என்ற கேள்வியே மாறிவிடுகிறது. ஒன்று மின்சாரத்தைத் தருவது, மற்றது அதைச் செலவிடுவது. அவற்றை எதிரெதிரே நிறுத்தி எழுதப்படும் விடை முதல் பத்தியிலேயே தடம் மாறிவிடும்.

எனக்கு வாயால் வாதிட்டால்தான் எதுவும் மனத்தில் தங்கும். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அக்காவும் நானும் தரப்பு மாற்றி மாற்றி வாதிடுவோம். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுபவர் என்பதால் அவர் எதையும் செலவிலும் காலத்திலும் இருந்தே தொடங்குவார். “கூடங்குளம் முதல் உலைக்கு 2002இல் கட்டுமானம் தொடங்கி 2013இல்தான் மின்சாரம் வந்தது, கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலைக்கு (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை) 2004இல் பணி தொடங்கி, உலையின் மையப்பகுதியை நிரப்பத் தொடங்கவே 2024 ஆகிவிட்டது, 2047க்குள் 100 ஜிகாவாட், அதாவது ஒரு லட்சம் மெகாவாட், அணுமின்சாரம் என்கிறார்களே, இந்த வேகத்தில் எப்படி?” என்று அவர் கேட்ட அன்று என்னிடம் பதில் இல்லை. ஒரு வாரம் கழித்துத்தான், பிரான்ஸ் தன் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அணு உலைகளிலிருந்து பெறுவதையும், அதற்கு நேர்மாறாக ஜெர்மனி 2023 ஏப்ரலில் கடைசி மூன்று உலைகளை மூடியதையும் அருகருகே வைத்து என்னால் பேச முடிந்தது.

மின்வாகனத்துக்கு எதிரான வாதம், நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்துதானே வருகிறது என்பது. இதையும் கணக்காகவே எழுதுங்கள். இன்றைய இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. 15 யூனிட்டுக்குப் பத்தரைக் கிலோ. பெட்ரோல் கார் அதே 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் எரித்தால், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் சுமார் 14 கிலோ. வேறுபாடு இருக்கிறது, ஆனால் பெரிதில்லை. பேட்டரி தயாரிப்பில் வெளியாகும் உமிழ்வைச் சேர்த்தால் இன்னும் சுருங்கும். அதே 15 யூனிட் அணு உலையிலிருந்து வந்தால், ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2014 அறிக்கை தரும் யூனிட்டுக்கு 12 கிராம் என்ற இடைநிலை மதிப்பின்படி 180 கிராம் மட்டுமே. மின்வாகனத்தின் தூய்மை, அதற்கு வரும் மின்சாரத்தின் தூய்மைதான் என்பதை இதைவிடச் சுருக்கமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பகுதியை எழுதும்போது நான் வைத்துக்கொண்ட விதிகள்:

1. ‘உமிழ்வே இல்லாத வாகனம்’ என்று எழுத வேண்டாம். புகைபோக்கி இல்லை என்பது மட்டுமே உண்மை.
2. கூடங்குளம் உலைக்கு எதிரான இடிந்தகரைப் போராட்டத்தை ‘மக்களின் அறியாமை’ என்று ஒரு சொல்லில் கடக்க வேண்டாம். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவைத் தொலைக்காட்சியில் பார்த்த கடற்கரை மக்கள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. உலை இயங்க அனுமதித்த 2013 மே மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் அதே பத்தியில் எழுதுங்கள்.
3. அணுக்கழிவு, அணு விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு, பேட்டரிக்கான லித்தியம் ஆகிய மூன்றில் இரண்டையாவது தொடுங்கள்.
4. சொந்த மாவட்டத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. பைக்காராவில் 1930களின் தொடக்கத்திலேயே புனல் மின்சாரம் எடுத்த மலை எங்களுடையது. 500 மெகாவாட் குந்தா நீரேற்று புனல் மின் திட்டம், மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையின் நீரை மேலே உள்ள போர்த்திமந்து அணைக்கு ஏற்றிவைத்துத் தேவையான நேரத்தில் இறக்குவது. இரவு பகலாக ஒரே சீராக ஓடும் அணு உலைக்கும், பகலில் மட்டும் கிடைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் இதுவே துணை.

நான்காவது விதி நேர்முகத் தேர்வில் என்னைக் காத்தது. நான் நீலகிரிக்காரன் என்பதைப் பார்த்த உறுப்பினர் ஒருவர், மலைப்பாதைக்கு மின்வாகனம் உதவுமா என்று கேட்டார். என் சித்தப்பா கோத்தகிரியில் மின்சார டாக்சி ஓட்டுகிறார். ஒருமுறை அவருடன் மேட்டுப்பாளையம் இறங்கியபோது, அவர் இரவில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றாமல் 85இல் நிறுத்தியிருந்ததைக் கண்டு காரணம் கேட்டேன். பேட்டரி நிரம்பியிருந்தால் இறக்கத்தில் மோட்டார் திருப்பித்தரும் மின்சாரத்துக்கு உள்ளே இடம் இருக்காது. முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும் என்றார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்பும் அவர் பிரேக்கைத் தொடாமலேயே வண்டி தளர்ந்தது. அடிவாரத்தில் திரையில் இருந்த எண், புறப்பட்டபோது இருந்ததைவிடக் கூடியிருந்தது. ஒன்றரை டன் எடையை 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற மட்டுமே ஆறு யூனிட் செலவாகும், இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், பெட்ரோல் வண்டியில் அது பிரேக்கிலும் எஞ்சினிலும் வெப்பமாகவே போய்விடும் என்று விடையளித்தேன். அடுத்த வினா வேறு தலைப்புக்குப் போய்விட்டது.

அக்கா இந்த முறையும் எழுதுகிறார். நான் பணியில் சேரும்வரை ஞாயிற்றுக்கிழமை விவாதம் தொடரும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வரும் வாரத்துக்கு அணுக்கழிவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அணு உலை வேண்டாம் என்ற தரப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்.