கத்தரிக்குச் சாணை பிடிச்சாச்சா?

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் பிசியோதெரபி பார்க்கத் தொடங்கிய புதிதில், கைவலி என்று யார் வந்தாலும் நான் சொன்ன முதல் வைத்தியம் ஓய்வுதான். பீடி சுற்றும் ஒரு அக்காவிடமும், "ஆறு வாரம் கட்டைவிரலுக்கு வேலை கொடுக்காதீங்க" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனவர் திரும்ப வரவில்லை. ரெண்டு மாசம் கழித்து பஸ்ஸில் பார்த்தேன். மணிக்கட்டில் துணிக்கட்டு, பக்கத்து சீட் வரைக்கும் தைல வாசனை. "சும்மா இருந்தா கடையில இலை தரமாட்டாவ தம்பி" என்றார்.

அவருக்கு இருந்தது டி குர்வைன் என்ற மணிக்கட்டு நோய். கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரே உறைக்குள் ஓடுகின்றன. உறை தடித்தால் விரலை அசைக்கும்போதெல்லாம் உயிர் போகும். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி வைக்கும் தாய்மாருக்கும் இது வரும். இதற்கு வைத்தியம், கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை, கேட்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி, அதற்கும் அடங்காத சிலருக்கு உறையைத் திறந்துவிடும் சின்ன அறுவை. பட்டையைப் பகலில் போட்டுக்கொண்டு பீடி சுற்ற முடியாது என்பதை அந்த பஸ்ஸில்தான் யோசித்தேன்.

ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து கையை உதறும் ஆச்சிமார் விஷயம் வேறு. "சுண்டுவிரலும் மரக்குதா ஆச்சி?" என்று கேட்பேன். "அது மட்டும் நல்லாருக்கு யய்யா" என்றால் பாதி விடை கிடைத்த மாதிரி. மணிக்கட்டுச் சுரங்கம் என்ற குறுகிய இடுக்கில் நசுங்கும் மீடியன் நரம்பு சுண்டுவிரலுக்குப் போவதில்லை. இதற்கு மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையைத் தூங்கும்போது கட்டினால் போதும். ஒரு பீடி கூடக் குறையாது. எனக்குப் பிடித்த வைத்தியம் இது. ஆனால் கட்டைவிரலின் அடியில் உள்ள சதை வற்றிவிட்டால் பட்டையை நம்பி உட்காரக் கூடாது. நரம்புப் பரிசோதனை செய்து, சுரங்கத்தின் கூரையான தசைநாரை வெட்டிவிட வேண்டியிருக்கும். அதையும் தள்ளிப்போட்டு, பீடிக்கு நூல் முடிச்சுப் போட வராமல் வந்தவர்கள் உண்டு.

மடக்கிய விரல் மாட்டிக்கொண்டு 'டக்'கென்று விடுபடுவதைச் சுளுக்கு என்று நினைத்து உருவிவிடப் போவார்கள். உருவ அங்கே சுளுக்கே இல்லை. விரலடியில் நாணைப் பிடித்திருக்கும் வளையத்துக்குள் நாண் சிக்குகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம். இதற்கும் ஸ்டீராய்டு ஊசி பலருக்குக் கேட்கும். ஆனால் போட்டபின் சில நாள் சர்க்கரை ஏறும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், ஊசிதான் சர்க்கரையைக் கொண்டுவந்தது என்று தெருவெல்லாம் பேச்சாகிவிடும்.

இப்போதெல்லாம் ஓய்வு என்ற சொல்லை எடுப்பதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை சுற்றுகிறார்கள், இலை வெட்டுவது யார் என்று கேட்கிறேன். மொட்டைக் கத்தரியை அழுத்தி அழுத்தித்தான் பல கைகள் கெடுகின்றன. சாணை பிடித்து, பிடியில் துணி சுற்றி, வெட்டுவதை வீட்டில் இன்னொருவரிடம் மாற்றிவிடச் சொல்கிறேன். போன வாரம் ஒரு ஆச்சி மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். "நீரே இவட்ட சொல்லும்யா, நான் சொன்னா கேக்க மாட்டா."

மருமகளின் கையையும் வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரல் அடியில் லேசாக வீக்கம்.