காய்ச்சிக் குடிக்கக் கூடாது

"ஃபுளோரைடு கலந்த நீரைக் காய்ச்சிக் குடிக்கக் கூடாது." ஊர் ஊராகக் கொடுக்கச் சொல்லி எங்கள் கையில் தந்த நோட்டீஸில் இருந்த வரி இது. எழுதியவர் மனதில் குழப்பம் ஏதும் இருந்திருக்காது. காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது, ஆகவே காய்ச்சியும் குடிக்காதீர்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. ஆனால் "நின்றுகொண்டு தண்ணீர் குடிக்கக் கூடாது" என்றால் உட்கார்ந்து குடி என்றுதானே எடுத்துக்கொள்கிறோம்? "வெறும் வயிற்றில் மாத்திரை போடக் கூடாது" என்றால் சாப்பிட்டுவிட்டுப் போடலாம். அதே மாதிரிதான் இதையும் படிப்பார்கள்: காய்ச்சாமல் குடிக்கலாம்.

பாலக்கோடு பக்கம் ஓர் ஊரில் அப்படித்தான் படித்தார்கள். ப்ளஸ் டூ படிக்கும் பெண் நோட்டீஸை உரக்க வாசிக்க, அவள் அம்மா என்னைக் கேட்டார்: "அப்ப பச்சைத் தண்ணியாவே குடிக்கச் சொல்றீங்களா மேடம்? இத்தனை வருசமா நர்சம்மா காய்ச்சிக் குடி, காய்ச்சிக் குடின்னு சொன்னாங்களே?" வாசித்த பெண்ணும் அதே கேள்வியோடு என்னைப் பார்த்தாள். ஆக, எழுத்தறிவு இல்லாததால் வந்த குழப்பம் இல்லை இது. வாக்கியம் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது.

காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு பாறையிலிருந்து நீரில் கரைந்து வரும் உப்பு. அது ஆவியாகாது. நீர் மட்டும் ஆவியாகிக் குறைவதால், மிச்சமிருக்கும் தண்ணீரில் அதன் அளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். நிறம், மணம், சுவை எதிலும் தெரியாது. தெரிய வரும்போது குழந்தையின் பல்லில் பழுப்புக் கறையாகவோ, பெரியவர்களின் மூட்டு வலியாகவோதான் தெரியும். நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், உடம்பில் சேர்வதுதான் பல்லைக் கெடுக்கிறது. அப்புறம் நல்ல தண்ணீர் கொடுத்தாலும் அந்தக் கறை தானாகப் போகாது. இவ்வளவையும் தாங்க வேண்டிய ஒரு வரி இரண்டு பக்கமும் சாய்கிறது என்றால் அதை எப்படி விட முடியும்?

மேலதிகாரியிடம் சொன்னேன். நோட்டீஸில் சந்திப் பிழைகளும் இருந்தன. அவற்றைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஒரு 'க்' விட்டுப்போனதால் அந்த நோட்டீஸில் யாரும் எதையும் மாற்றிப் புரிந்துகொள்ளப் போவதில்லை. 'காய்ச்சி' என்பதைக் 'காய்ச்சினாலும்' என்று மாற்றினால் போதும் என்றேன்.

"நமக்கு இலக்கணம் பாக்கிற வேலையாம்மா? சனங்களுக்குப் புரிஞ்சா போதும்."

"புரியலைன்னுதான் சார் சொல்றேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நல்லாப் புரியற மாதிரி போட்டா அடுத்த கேள்வி வரும். அதுக்குப் பதில் வெச்சிருக்கியா?" என்றார்.

இந்தக் கேள்விதான் இன்றுவரை என்னை விடவில்லை. அப்போது அதைத் தட்டிக்கழிக்கும் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். அரசுத் தமிழில் நமக்குப் பழக்கமான ஒன்று உண்டு: "உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்." யார் மேற்கொள்வார், எப்போது என்று அதில் இருக்காது. எழுவாய் இல்லாத வாக்கியத்தில் பொறுப்பும் இல்லை. அவர் கேட்டதும் அந்த வகைதான் என்று நினைத்தேன். இன்னும் பாதி நேரம் அப்படித்தான் நினைக்கிறேன்.

எப்படியோ, மறு அச்சுக்கு ஒப்புக்கொண்டார். "இந்த போர் தண்ணீரைக் காய்ச்சினாலும் குடிக்காதீர்கள். சோறு, களி, குழம்புக்கும் வேண்டாம். ஒகேனக்கல் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் குடியுங்கள்." சமையலைச் சேர்த்தது நான்தான். பழைய நோட்டீஸில் அது இல்லவே இல்லை. களி கிண்டும்போது மாவு இழுக்கும் தண்ணீர் அத்தனையும் வயிற்றுக்குள்தானே போகிறது?

அதே ஊருக்கு மறுபடி போனேன். இந்தத் தடவை யாரும் குழம்பவில்லை. படித்து முடித்ததும் ஓர் அம்மா கேட்டார்: "இப்பப் புரியுது. ஒகேனக்கல் தண்ணி வராத அன்னிக்கு என்னாங்க பண்றது?"

சார் சொன்ன அடுத்த கேள்வி. நோட்டீஸில் அதற்குப் பதில் இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்து 2013இல் தொடங்கியது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களின் ஃபுளோரைடு பிரச்சினைக்காகவே கொண்டுவந்த திட்டம். அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் மோட்டார் பழுது, குழாய் உடைப்பு என்று தண்ணீர் வராத நாள் எந்தத் திட்டத்திலும் உண்டு. அன்றைக்கு அந்த அம்மாவிடம் இருப்பது போர் தண்ணீர் மட்டும்தான். என் தெளிவான வரி அவருக்கு அன்று பயத்தைத்தான் கொடுத்தது.

பழைய வரியே இருந்திருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது, உண்மைதான். பச்சைத் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்திருக்கலாம். அதையும் தள்ளிவிட முடியாது. பதில் கையில் இல்லாமல் எச்சரித்தால் அடுத்த முறை நாம் சொல்லும் நிஜத்தையும் நம்ப மாட்டார்கள் என்பது சாரின் அனுபவம். அவர் இந்த வேலையில் என்னைவிடப் பழையவர். அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் பதில் இல்லை என்பதற்காகக் கேள்வியே எழாதபடி எழுதலாமா?

இந்தியத் தர நிர்ணயத்தையே பாருங்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை ஏற்கலாம், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்கிறது. வேறு வழி இல்லாத ஊருக்கும் சேர்த்து யோசித்து எழுதிய வாக்கியம் அது. எங்கள் நோட்டீஸில் அப்படி ஒன்று இல்லை என்பதுதான் குறை, தெளிவாக எழுதியது அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் அது போதுமானதாக இருக்கிறது.

அன்று அந்த அம்மாவிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தேன்: ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தனியாக மூடிப் பிடித்து வையுங்கள், குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ போர் தண்ணீர் போதும், பற்றாமல் போனால் முதலில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். இதையே நான்காவது வரியாக நோட்டீஸில் போடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். "தண்ணி வராதுன்னு நாமளே அச்சடிச்சுக் கொடுக்கறதா?" என்று சார் கேட்டார். தாள் அவர் மேசையில் இருக்கிறது. ஊர்களில் அந்த வரியை இன்னும் வாயால்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.