தடைக்காலக் குறிப்புகள்

ஏப்ரல் 16, 2025, மண்டபம்

நேற்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுக்குத் தடையில்லை. எனக்கு இதுதான் சீசன். மற்ற மாதங்களில் "நேரமில்லண்ணே" என்று போகிறவர்கள் இப்போது திண்ணை ஏறி வருவார்கள். வாசலில் 'தொழில் வழிகாட்டி' என்று பலகை மாட்டியிருக்கிறேன். தெருவில் எனக்குப் பெயர் 'வேலை சொல்ற அண்ணன்'. சென்னையில் இருபது வருஷம் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுத்தவன், அதனால் கோபமில்லை.

இன்று பாம்பனிலிருந்து ஒரு அப்பாவும் பையனும் வந்தார்கள். அப்பா போட்டில் பங்குக்குப் போகிறவர். பையனுக்கு 19 வயது. கப்பல் வேலை வாங்கித் தருவதாக ஒரு ஏஜெண்டு 3 லட்சம் கேட்கிறானாம். நகையை வைக்க பேங்குக்குப் போகும் வழியில் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

"ஒத்த ரூபா குடுக்காதீங்கண்ணே" என்றேன். இந்தியாவில் கப்பலுக்கு ஆள் அனுப்புகிறவன், கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் வைத்திருக்க வேண்டும். அந்த உரிமம் உள்ளவன் வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் காசு வாங்கக் கூடாது. உரிம எண்ணைக் கேளுங்கள், இயக்குநரகத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்ப்போம் என்றேன். அப்பா அங்கேயே போன் போட்டார். ஏஜெண்டு "எண் ஆபீஸ்ல இருக்கு" என்றான். நகை வீட்டுக்குத் திரும்பியது.

ஏப்ரல் 22

பையனுக்கு நேர்வழி எழுதிக் கொடுத்தேன். கடைநிலை மாலுமிக்கான ஜி.பி. ரேட்டிங் படிப்பு, ஆறு மாதம். பத்தாவது தேறியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 40 மதிப்பெண்ணாவது வேண்டும். வயது பதினேழரையிலிருந்து 25க்குள். அப்புறம் சி.டி.சி. என்கிற மாலுமிப் புத்தகம். இரண்டு பக்கம், வரிசையாக, செலவுக் கணக்கோடு. எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. பையன் "சரிண்ணே" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

ஏப்ரல் 30

சின்னப்பாலத்துப் பொண்ணு ஒன்று. பி.காம். முடித்து ஒரு வருஷம். பயோடேட்டாவில் 'அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை'.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முறைக்கு 'குரோ' என்று பெயர். முதலில் இலக்கைக் கேள், பிறகு இப்போதைய நிலை, பிறகு வழிகள், கடைசியில் என்ன செய்யப் போகிறாய் என்று கேள். சென்னையில் இந்த வரிசை நன்றாக ஓடும். இங்கே முதல் கேள்வியிலேயே வண்டி நின்றுவிடும். 'என்னவாகணும்?' என்றால் 'வேலைக்குப் போகணும்ண்ணே'. அதற்கு மேல் ஒரு சொல் வராது. அதனால் இவளிடம் இரண்டாவதிலிருந்து ஆரம்பித்தேன். காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்வே, சொல்லு.

அம்மா கடல்பாசி எடுக்கிறவர். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதம் 12 நாள்தான் எடுப்பது என்று அங்குள்ள பெண்களே தங்களுக்குக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அதே ஊர்ப் பாசி எடுக்கும் லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குக் கொடுக்கும் சீகாலஜி பரிசு கிடைத்தது வெளியூர்க்காரர்களுக்குத்தான் செய்தி. இந்தப் பொண்ணு ஒன்பதாவது படிக்கும்போதிலிருந்து அம்மாவோடு போகிற பதினோரு பேரின் கணக்கு நோட்டை எழுதுகிறாள். யாருக்கு எத்தனை கிலோ, வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு, ஈரத்துக்கு அவர் கழித்தது எவ்வளவு. ஒருமுறை கழிவு கூடுதலாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு, வீட்டுக் கூரையில் அஞ்சு கிலோ பாசியைக் காயவைத்து நிறுத்துப் பார்த்து, அடுத்த வாரம் வியாபாரியைக் குறைக்க வைத்திருக்கிறாள்.

"இதை ஏன் எழுதல?"

"இது வீட்டு வேலைதானேண்ணே."

மே 4

பாம்பன் பையனிடம் 'பாஸ்போர்ட்டுக்குப் போட்டாச்சா' என்று போன் செய்தேன். அவனே வந்துவிட்டான், தனியாக. கால் மணி நேரம் பேசவில்லை. அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்குக் கடல் ஒத்துக்காதுண்ணே" என்றான். அப்பாவோடு போட்டில் நாலு தடவை போயிருக்கிறான். நாலு தடவையும் போய்த் திரும்பும்வரை வாந்தி. கடைசித் தடவை கச்சான் என்கிற மேற்குக் காற்று. மீனவன் மகன் இதை வெளியே சொல்ல முடியுமா?

இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தவன் இருபது வருஷ அனுபவசாலி. கடல் பிடிக்குமா என்று ஒரு வார்த்தை அவனிடம் கேட்கவில்லை. பாம்பன், மீனவர் வீடு, கப்பல் என்று நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

"இப்ப என்ன பண்றே?" என்று கேட்டேன். கரையேற்றிய போட்டில் இஞ்சின் இறக்கும் மெக்கானிக்குக் கையாளாகப் போகிறானாம், சம்பளமில்லாமல். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தவன் முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை.

மே 8

பிளஸ் டூ ரிசல்ட். காலையிலிருந்து போன். பாதிப் பேர் அப்பாக்கள், மீதிப் பேர் மாமாக்கள். படிக்கப்போகிற பிள்ளை ஒன்றுகூடப் பேசவில்லை.

மே 21

பொண்ணு ராமநாதபுரத்தில் ஒரு கணக்கர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனாள். பாசிக் கணக்கைச் சொன்னபோது கேட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டேலி தெரியுமா என்றார்கள், தெரியாது. வேலை இல்லை.

இந்தக் கரையில் எந்தப் பள்ளிச் சுவரைப் பார்த்தாலும் கலாம் சிரிக்கிறார், பக்கத்தில் கனவைப் பற்றி ஒரு வரி. டேராடூனில் விமானப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்து, எட்டுப் பேரை மட்டும் எடுத்ததால் அவர் திரும்பியதை எந்தச் சுவரும் சொல்வதில்லை. இதை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அவளுக்கு அப்போது கலாம் தேவைப்படவில்லை, டேலி தேவைப்பட்டது. இடம் விசாரித்துச் சொன்னேன். திங்கட்கிழமை சேர்கிறாள்.

ஜூன் 3

பையனுக்கு அரசு ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பிரிவுக்கு விண்ணப்பித்தாயிற்று. ஒரு வருஷப் படிப்பு, கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அப்பாவிடம் அவனே சொல்கிறேன் என்றிருக்கிறான். இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 14

நள்ளிரவோடு தடை முடிகிறது. ஐஸ் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. தெருவே டீசல் வாடை.

சாயங்காலம் அப்பா வந்தார், கையில் ஒரு பை நண்டு. மகன் நேற்றுச் சொல்லிவிட்டானாம்.

"கோவப்பட்டீங்களா?"

"அவனுக்குக் கடல் சேராதுன்னு மொதத் தடவ போனப்பவே தெரியும். அவனா சொல்லட்டும்னு இருந்தேன்."

"தெரிஞ்சுமா கப்பலுக்கு 3 லட்சம் குடுக்கப் பாத்தீங்க?"

"பெரிய கப்பல் ஆடாதுன்னு ஏஜெண்டு சொன்னான்ல" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. நண்டை உடனே சமைக்கச் சொல்லிவிட்டு, ஐஸ் ஏற்ற வேண்டும் என்று கிளம்பினார்.