பாலம் தாண்டினால் செல்லாத காசு

மசேரு பாலத்தை நடந்தே கடந்தேன். கீழே மொஹொகாரே ஆறு, ஜூலைக் குளிரில் ஒடுங்கி ஓடிக்கொண்டிருந்தது. அக்கரைக்குப் போனால் லெசோத்தோ. நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த மலைநாடு.

சாவடியைத் தாண்டியதும் மாகோயெனியா வாங்கினேன். நம்மூர் போண்டா மாதிரி, மைதா மாவில் சுடச்சுடப் பொரித்தது. தென்னாப்பிரிக்கக் காசான ரேண்ட் கொடுத்தேன், மீதி லெசோத்தோ காசான லோட்டியில் வந்தது. பன்மையில் மலோட்டி என்பார்கள். ஒரு லோட்டிக்கு ஒரு ரேண்ட், இரண்டுக்கும் ஒரே மதிப்பு.

மறுநாள் காலை, தலைநகர் மசேருவின் தெட்சானே தொழிற்பேட்டை. 2000-இல் அமெரிக்கா ஆப்பிரிக்க நாடுகளுக்கு இறக்குமதி வரியை விலக்கியதும் வளர்ந்த ஆடை ஆலைகள் இங்கே வரிசையாக நிற்கின்றன. முதலாளிகளில் தைவான்காரர்கள், சீனர்கள் அதிகம். தைப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள். முன்பு ஆண்கள் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்குப் போய்ப் பணம் அனுப்புவார்கள். அங்கே ஆட்குறைப்பு தொடங்கிய பிறகு, பல வீடுகளில் அடுப்பெரிவது இந்தப் பெண்களின் சம்பளத்தில்தான்.

நான் போனபோது ஒரு ஆலை வாசலில் முப்பது, நாற்பது பெண்கள் கம்பளி போர்த்தியபடி நின்றிருந்தார்கள். ஷிப்ட் மாறுகிறது என்று நினைத்தேன். இல்லை, யாரையாவது உள்ளே கூப்பிடுவார்களா என்று காத்திருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் லெசோத்தோ பொருட்களுக்கு 50% வரி என்று டிரம்ப் அறிவித்திருந்தார். அதைத் தள்ளிவைத்தாலும், அதற்குள் ஆர்டர்கள் வற்றிவிட்டன.

இங்கே பெண்களை மரியாதையாக 'ம்மே' என்று அழைப்பார்கள். அம்மா என்று பொருள். அப்படிக் கூப்பிட்டதும் ஒருவர் பேசினார். "எட்டு வருஷம் ஜீன்ஸுக்குப் பாக்கெட் தைத்தேன். மே மாசத்துக்கு அப்புறம் கூப்பிடவே இல்லை." பிள்ளையின் பள்ளிச் சீருடையை அவரே தைத்தாராம். அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார். ஆகஸ்டில் வரி 15% ஆனது என்று ஊர் திரும்பிய பிறகு படித்தேன். முதலில் நினைவுக்கு வந்தது அவர் முகம்தான்.

அப்புறம் காட்சே அணை. 185 மீட்டர் உயரம். 1986 ஒப்பந்தப்படி இந்த மலைத்தண்ணீர் சுரங்கக் குழாய் வழியாக ஜோகன்னஸ்பர்க் பக்கம் போகிறது. அதற்கான உரிமைத்தொகை லெசோத்தோ அரசுக்கு முக்கிய வருமானம். அணையைப் பார்த்துவிட்டு இறங்கும்போது, தலையில் வாளி சுமந்து ஊற்றிலிருந்து ஏறி வந்த ஒரு பெண்ணுக்கு வழிவிட்டு வண்டி நின்றது. எனக்குக் கோபம் வந்தது. அணைக்குப் பக்கத்து ஊருக்காவது முதலில் குழாய் போட்டிருக்க வேண்டாமா?

திரும்பும் வழியில், தென்னாப்பிரிக்கப் பக்கத்து ஊரான லேடிபிராண்டில் தேநீர் குடித்துவிட்டு இருபது மலோட்டி நோட்டை நீட்டினேன். கடைக்காரப் பெண் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இங்கே செல்லாது. ரேண்ட் இருக்கா?"

பாலம் அங்கிருந்து இருபது கிலோமீட்டர்கூட இல்லை.