ஒரு தாடிக்கு எத்தனை ரேசர்?

தாடி ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. இரட்டை முனை பிளேடு, பிரஷ், சோப்பு என்று பழைய முறைச் சவரத்தைப் பொழுதுபோக்காகப் பிடித்துக்கொண்டவர்களின் தொல்லைகள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகின்றன என்பது என் கட்சி. கேமரா வாங்கியவர் நாள் முழுவதும் படம் எடுத்துத் தள்ளலாம். ரேசர் வாங்கியவருக்குக் காலையில் பத்து நிமிடம்தான். அதற்குப் பிறகு சோதித்துப் பார்க்க முகத்தில் மயிர் இருக்காது, ஆனால் விற்பனைத் தளங்கள் இரவு வரை திறந்திருக்கும்.

என் குளியலறை அலமாரியும் அப்படித்தான் நிறைந்தது. அதில் எது உண்மையில் சவரத்தை மாற்றியது, எது அலமாரியை மட்டும் மாற்றியது என்று பார்க்க ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். விதி ஒன்றே ஒன்று: ஒரு வாரத்துக்கு ஒரு பொருளைத்தான் மாற்றலாம். சாம்பாரில் பருப்பு, புளி, பொடி மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, ருசி எதனால் மாறியது என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? ஐந்து ரேசர், ஆறு பிளேடு, மூன்று பிரஷ், நான்கு சோப்பு வைத்திருப்பவருக்கு 360 சேர்க்கைகள் கிடைக்கும். தினம் ஒன்று என்றாலும் ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அதற்குள் அந்த ஐந்து ஏழாகிவிடும்.

முதலில் தண்ணீர். எங்கள் வீட்டில் போர் தண்ணீர். குழாயைச் சுற்றி வெள்ளையாகப் படியும் ரகம். நுரை நன்றாக எழும்பும், இரண்டாவது முறை கன்னத்தில் தடவுவதற்குள் தளர்ந்து நீர்த்துவிடும். இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் வேறு சோப்பு வாங்குகிறார்கள், அல்லது பிரஷ்ஷைக் குறை சொல்லிப் பெரிய பிரஷ்ஷாகத் தேடுகிறார்கள். நான் அதே சோப்பு, அதே பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, சமையலறைச் சுத்திகரிப்பானிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை மட்டும் பிடித்து வந்தேன். நுரை தயிர் ஏடு போலக் கெட்டியாகி, மூன்றாவது சுற்று வரை அப்படியே நின்றது. காரணம் எளிய வேதியியல்: கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து கரையாத கசடாகிவிடுகின்றன. நுரைக்கு வேண்டிய சோப்பில் ஒரு பங்கு அந்தக் கசடுக்கே போய்விடுகிறது. நோட்டுப் புத்தகத்தில் இதுவரை நான் கண்ட மாற்றங்களிலேயே பெரியது இதுதான். செலவு ஒரு டம்ளர் தண்ணீர்.

அடுத்து பிளேடு. பத்து, பன்னிரண்டு வகைகளைக் கலந்து மாதிரிப் பொட்டலமாக விற்கிறார்கள். ஜப்பானின் ஃபெதர், பச்சைப் பெட்டியில் வரும் ஆஸ்ட்ரா, நம் மளிகைக் கடையிலேயே தொங்கும் செவன் ஓ கிளாக், டோபாஸ். ஒவ்வொன்றைப் பற்றியும் ஊருக்கு ஒரு தீர்ப்பு உண்டு. தீர்ப்பு சொல்பவர் பிளேடின் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார் என்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. அதனால் கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் நான்கு வகைப் பிளேடுகளைக் கொடுத்து, தினமும் இரவில் அவளே ஒன்றை ரேசரில் பொருத்தி வைத்துவிட வேண்டும், பெயரைத் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். காலையில் நான் கண்ணை மூடாத குறையாகச் சவரம் செய்து, ஊகத்தை எழுதி வைப்பேன். இரண்டு சுற்று முடிந்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஃபெதரை மட்டும் இரண்டு முறையும் சரியாகச் சொல்லியிருந்தேன். அதன் கூர்மை தாடை ஓரத்திலேயே தெரிந்துவிடுகிறது. மற்ற மூன்றில் என் ஊகத்துக்கும் சீட்டுக் குலுக்கிப் போடுவதற்கும் வித்தியாசம் இல்லை. “எல்லா நாளும் ஒரே முகம்தான் அப்பா,” என்றாள் மகள்.

பிளேடு வகைகளுக்குள் இருந்த வேறுபாட்டைவிட, ஒரே பிளேடின் முதல் சவரத்துக்கும் நான்காம் சவரத்துக்கும் இருந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். மயிரைவிட எஃகு ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. அப்படியிருந்தும் பிளேடு மழுங்குகிறது. விளிம்பு மெல்லத் தேய்வதால் மட்டும் அல்ல, சவரத்தின்போது மயிர் வளைந்து, விளிம்பில் ஏற்கெனவே பலவீனமாக உள்ள இடத்தில் ஒரு சிறு சில்லைப் பெயர்த்துவிடுவதாலும்தான் என்று மின்னணு நுண்ணோக்கியில் கண்டார்கள். பழைய பிளேடோடு ஒரு புது ரேசரைச் சோதிப்பவர் ரேசரைச் சோதிக்கவில்லை. இதனால் ரேசர் வாரங்களில் ஒவ்வொரு திங்களும் புதுப் பிளேடு என்று விதியைத் திருத்திக்கொண்டேன்.

இனி ரேசர். ரேசரை வேறுபடுத்துவது பெரும்பாலும் தலைதான்: பிளேடின் விளிம்பு எவ்வளவு வெளியே நீட்டுகிறது, அதற்கும் கீழே உள்ள காப்புப் பட்டைக்கும் இடைவெளி எவ்வளவு, பிளேடு எந்தச் சாய்வில் பிடிக்கப்பட்டிருக்கிறது. கைப்பிடி எடையையும் பிடிமானத்தையும் கொடுக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் அலமாரியில் பாதி ரேசர்கள் ஒன்றுக்கொன்று உடன்பிறப்புகள் என்று தெரிந்துவிடும். ஜெர்மனியின் மூலே ஆர்89, இங்கிலாந்து ஷெஃபீல்டின் எட்வின் ஜாகர் டிஇ89 இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே தலை. அந்தத் தலையை இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கின. இரண்டையும் வாங்கி வைத்து, எது சொகுசு என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். கைப்பிடியைப் பற்றித்தான் வாதாடுகிறார்கள். ராக்வெல் 6சி ரேசரில் இந்த இடைவெளியை மாற்ற மூன்று தகடுகள், இரு பக்கமும் திருப்பிப் போட்டால் ஆறு அளவு. ஒரு ரேசரிலேயே தேவை தீர வேண்டும். அதைக் கொண்டு என் தோலுக்கு மூன்றாம் எண் போதும் என்று கண்டுகொண்டேன். அப்படிக் கண்டவர் அடுத்துச் செய்ய வேண்டியது நிறுத்துவது. பெரும்பாலானோர் அதே மூன்றாம் எண்ணுக்கு இணையான ஒற்றை ரேசரைத் துருப்பிடிக்காத எஃகில் தேடத் தொடங்குகிறார்கள், ‘ஆயுளுக்கும் ஒன்று’ என்று சொல்லிக்கொண்டு. ஜிங்க் கலவையில் வார்த்த ரேசரில் மேல்பூச்சு போனால் உள்ளே அரிக்கும், திருகு உடையும் என்பது உண்மை. அந்த உண்மையைச் சொல்லி எஃகு, அதற்கு மேல் டைட்டானியம் என்று ஏறுகிறார்கள். ஆயுளுக்கும் உழைக்கும் பொருளை ஒருவர் மூன்று வைத்திருந்தால் எத்தனை ஆயுள் என்று கேட்கக் கூடாது.

ஆனாலும் இரண்டாவது ரேசருக்கு ஒரு நியாயமான காரணத்தை நோட்டுப் புத்தகம் காட்டியது: மீசை. வெளிநாட்டு மதிப்புரைகள் பெரும்பாலும் மழமழவென்ற முகத்துக்காக எழுதப்படுகின்றன. மீசைக்குக் கீழே, உதட்டுக்கு மேலே, ஒரு நூல் அகலத்தில் கோடு பிடிக்க வேண்டியவருக்குத் தடித்த தலை இடிக்கும், பிளேடு எங்கே தொடுகிறது என்று தெரியாது. ஜில்லெட்டின் பழைய டெக் ரேசரின் மெல்லிய தலை அந்த இடத்தில் என்னிடம் உள்ள விலையுயர்ந்த எதையும்விடத் துல்லியம். கன்னத்துக்கு ஒன்று, மீசைக்கு ஒன்று. இதற்கு மேல் சவரம் சார்ந்த காரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

சவரம் சாராத காரணங்களுக்கோ குறைவில்லை. பழைய அமெரிக்க ஜில்லெட் ரேசர்களில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். எழுத்து ஆண்டு, எண் காலாண்டு. ‘ஜி’ என்றால் 1961. தான் பிறந்த காலாண்டில் செய்த ரேசர் வேண்டும் என்று தேடுபவர்கள் உண்டு. கிடைத்ததும் மனைவி பிறந்த காலாண்டு, பிறகு பிள்ளைகள். இதைச் சவரக் கணக்கில் சேர்ப்பது தவறு. தபால்தலை சேர்ப்பவரிடம் இத்தனை கடிதமா எழுதப் போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லையே.

இன்னொரு காரணம் பணம். பல பிளேடுகளைச் சேர்த்துக் கழற்றி மாட்டும் கார்ட்ரிட்ஜின் விலை கட்டுப்படியாகவில்லை என்றுதான் பலரும் இந்தப் பக்கம் வருகிறார்கள், நானும் அப்படித்தான் வந்தேன். ஜில்லெட் 1903இல் விற்ற ரேசர்கள் 51 மட்டுமே. அடுத்த ஆண்டே எண்ணிக்கை 90,000ஐத் தாண்டியது. அன்று அந்த ரேசரின் விலை 5 டாலர், அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. காப்புரிமை 1921இல் முடிந்த பிறகுதான் பழைய வகை மலிவானது. பிற்காலத்தில் வியாபாரம் கைப்பிடியை மலிவாகக் கொடுத்து பிளேடில் சம்பாதிப்பதாக மாறியது. இன்றைய பொழுதுபோக்காளர் அதைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறார்: பிளேடு சில ரூபாய், மிச்சம் பிடித்தது முழுவதும் கைப்பிடிக்குப் போகிறது. தேயாத கைப்பிடியைச் செய்யும் சிறு பட்டறைகள் அதே வாடிக்கையாளருக்கு மறுபடி விற்றாக வேண்டும். அதனால் புது உலோகம், புது மெருகு, குறைந்த எண்ணிக்கையில் ஒரு பதிப்பு. மிச்சம் பிடிக்க வந்தவரின் கணக்கு இங்கேதான் இடிக்கிறது.

பிரஷ்ஷைப் பற்றி அதிகம் எழுத இல்லை. பன்றி மயிர் பிரஷ் நுனி பிளந்து மென்மையாகச் சில வாரங்கள் ஆகும். அந்தப் பொறுமை இல்லாதவர் இடையில் இன்னொன்று வாங்குகிறார். செயற்கை இழை பிரஷ் முதல் நாளே வேலை செய்கிறது, வேகமாக உலர்கிறது, மழைக்காலத்தில் நாற்றம் பிடிப்பதில்லை. என்னுடையது அதுதான்.

சோப்பைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஒரு சவரத்துக்கு ஒரு கிராமை ஒட்டித்தான் செலவாகிறது. 100 கிராம் கட்டி ஏறக்குறைய நூறு சவரம். நான்கு கட்டி கையில் இருப்பவருக்கு ஓராண்டுக்கு மேல் புதுச் சோப்பு வாங்கத் தேவையில்லை. ஆனால் சோப்பை நாங்கள் நுரைக்காக வாங்குவதில்லை, வாசனைக்காக வாங்குகிறோம். இதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. யூகலிப்டஸும் மெந்தாலும் கலந்த ப்ரோராசோ சித்திரை வெயிலில் தரும் குளிர்ச்சிக்கு ஈடு கிடையாது. மார்கழியில் அதே சோப்பு தண்டனை. அதனால் பருவத்துக்கு ஒன்றாக இரண்டு சோப்புகள் என்று தீர்மானித்திருக்கிறேன்.

இப்போதைய நிலவரம்: ராக்வெல் மூன்றாம் தகட்டில், பழைய டெக் மீசைக்கு, ஒரு செயற்கை பிரஷ், இரண்டு சோப்பு, ஒரு படிகாரக் கட்டி. மற்ற ரேசர்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. தம்பி மகனுக்கு மீசை அரும்பியிருப்பதால் அவற்றில் சாதுவான ஒன்று அவனுக்குப் போகிறது. அடுத்த வாரச் சோதனை கைப்பிடிகள்: மூடி, தகடு, கைப்பிடி என்று பிரியும் பெரும்பாலான மூன்று துண்டு ரேசர்களின் திருகுகள் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதால், ஒரே தலையில் 40 கிராம் கைப்பிடியையும் 80 கிராம் கைப்பிடியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கப் போகிறேன். இதில் மகளின் உதவி பயன்படாது. எடையைக் கையிடம் மறைக்க வழி இல்லை.