ஊர் சுற்றப் போகும்போது ஆதாரை எப்படிக் கொண்டுபோவது

பயணத்தில் ஆதார் கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. விமான நிலைய வாசலில் நிற்கும் சிஐஎஸ்எஃப் காவலரும் ரயிலில் வரும் டிடிஆரும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். லாட்ஜ், வாடகை பைக் கடை, டிராவல்ஸ் ஆபீஸ் எல்லாம் அப்படி விடுவதில்லை. ஜெராக்ஸ் கேட்பார்கள். ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேர் என்றால் ரிசப்ஷனில் இருப்பவர் தன் சொந்த போனில் படம் எடுத்து மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார். அந்தப் படம் யார் யார் போனில் எத்தனை வருடம் கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கேமரா, முகம் பார்க்கும் கருவி என்று பயப்படுகிறவர்கள்கூட இந்த ஜெராக்ஸை யோசிக்காமல் நீட்டிவிடுகிறார்கள்.

வெறும் எண்ணை வைத்து என்ன செய்துவிட முடியும்? கிராமங்களில் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் மைக்ரோ ஏடிஎம் முறைக்குத் தேவைப்படுவது மூன்றுதான்: ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை. ஓடிபி கிடையாது, பின் நம்பர் கிடையாது. ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். பத்திரப்பதிவு ஆவணங்களில் இருக்கும் ரேகையை நகலெடுத்துப் போலி விரல் செய்து பணம் எடுத்த வழக்குகள் பல மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன.

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலை எல்லோரிடமும் கொடுக்காதீர்கள், எண் மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. உரிமம் பெறாத ஹோட்டல்களும் சினிமா தியேட்டர்களும் நகல் வாங்கி வைக்கக்கூடாது என்றும் அதில் இருந்தது. ‘தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது’ என்று சொல்லி இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. அறிவிப்புதான் போனதே தவிர, எண் மறைத்த ஆதாரை எடுக்கும் வசதி அப்படியேதான் இருக்கிறது.

ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் ஆதார் எண்ணைப் போட்டு, பதிவு செய்த மொபைலுக்கு வரும் ஓடிபி கொடுத்து உள்ளே போங்கள். ‘டவுன்லோட் ஆதார்’ பக்கத்தில், எண்ணை மறைக்க வேண்டுமா என்று கேட்கும் சின்னக் கட்டத்தை டிக் செய்ய வேண்டும். அதைக் கவனிக்காமல் கீழே இருக்கும் பட்டனை அழுத்தினால் முழு எண்ணோடுதான் இறங்கும். சரியாக இறங்கிய பிடிஎஃப்பில் முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும்.

அந்தக் கோப்பைத் திறக்கும்போதுதான் நம் ஊர்க்காரர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பாஸ்வேர்டு என்பது பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும். பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இனிஷியலும் அதன் பின்னால் உள்ள புள்ளியும் இந்த நான்கில் சேர்த்தி. ஆதாரில் பி.குமார் என்று இருந்தால் பி, புள்ளி, கே, யு, அப்புறம் வருடம். குமார் என்பதன் முதல் நான்கு எழுத்தைப் போட்டுக்கொண்டே இருந்தால் திறக்கவே திறக்காது.

பிரவுசிங் சென்டரில் எடுத்தால், டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் அழித்துவிட்டு, தளத்திலிருந்து லாக் அவுட் செய்துவிட்டு எழுந்திருங்கள்.

ஓடிபி விஷயத்தில் இன்னொன்று. காஷ்மீர், லடாக் பக்கம் போகிறவர்களின் வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் மட்டும்தான். லே லாட்ஜில் நின்றுகொண்டு டவுன்லோட் செய்யலாம் என்று நினைத்தால் ஓடிபி வராது. வீட்டிலேயே எடுத்து, போனிலும் வைத்து, இரண்டு மூன்று பிரிண்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் அதே மைஆதார் தளத்தில், ரேகையை ஆதாரில் பயன்படுத்த முடியாமல் பூட்டும் பயோமெட்ரிக் லாக்கையும் போட்டுவிடலாம். அதன் பிறகு யார் உங்கள் ரேகையை வைத்தாலும் 330 என்ற பிழைக் குறியீட்டோடு நின்றுவிடும். மேலே சொன்ன போலி விரல் வேலைக்கு உருப்படியான தடுப்பு இதுதான். பக்கத்திலேயே ஆதார் எண்ணையே பூட்டும் வசதி ஒன்றும் இருக்கும். அதைத் தொட்டால் பிறகு, ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கும் 16 இலக்க விர்ச்சுவல் ஐடி இல்லாமல் எங்கேயும் சரிபார்க்க முடியாது. பயணத்துக்கு அது தேவையில்லாத தலைவலி. பயோமெட்ரிக் லாக்கிலும் ஒரு சங்கடம் உண்டு: ரேகை வைத்து ரேஷன் வாங்குவதும் புது சிம் எடுப்பதும் நின்றுவிடும். தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடம் வேலை செய்யும், அதற்கும் பதிவு செய்த மொபைல் உயிரோடு இருக்க வேண்டும். போகிற இடத்தில் சிம் வாங்கும் திட்டம் இருந்தால் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

ரிசப்ஷனில் ‘ஒரிஜினல் குடுங்க சார், ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தர்றோம்’ என்பார்கள். ஒரிஜினலைக் காட்டுங்கள், கையை விட்டுக் கொடுக்காதீர்கள். நகலாக, எண் மறைத்த பிரிண்டை நீங்களே கொடுங்கள். அதன் மேல், படத்தையும் முகவரியையும் தொட்டுச் செல்லும்படி குறுக்காக, ‘இந்த லாட்ஜில் தங்க மட்டும்’ என்று லாட்ஜ் பெயர், தேதி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓரத்தில் எழுதினால் அடுத்த ஜெராக்ஸில் மறைத்துவிடலாம். பென்சில், ஜெல் பேனா வேண்டாம், பால் பாயின்ட்தான் சரி.

எண்ணை மறைப்பதால் முகவரி மறையாது. பிறந்த தேதியும் படமும் அப்படியேதான் இருக்கும். தனியாகப் போகும் பெண்களுக்கு எண்ணைவிட முகவரிதான் கவலை. அவர்களுக்கு நான் சொல்வது பாஸ்போர்ட். அதன் முன்பக்கத்தில் படமும் பெயரும் இருக்கும், வீட்டு முகவரி கடைசிப் பக்கத்தில்தான். முன்பக்க நகல் போதும் என்று ஒத்துக்கொள்ளும் விடுதிகள் நிறையவே உண்டு. லெட்ஜரில் ஊர் பெயர் மட்டும் எழுதிப் பாருங்கள். கதவு எண் வரை எழுதித்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் வேறு விடுதி பார்ப்பதா என்பது உங்கள் முடிவு.

விமான நிலையத்தில் முகத்தைப் பார்த்து உள்ளே விடும் முறைக்குப் பெயர் டிஜியாத்ரா. 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கியது, உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டும். செயலியில் ஆதாரை இணைத்து, செல்ஃபி எடுத்து, போர்டிங் பாஸை ஏற்றினால் கேட் முகத்தைப் பார்த்துத் திறக்கும். விவரங்கள் உங்கள் போனில்தான் இருக்கும், விமான நிலையத்துக்குப் பகிர்ந்தது விமானம் கிளம்பி 24 மணி நேரத்துக்குள் அழிக்கப்படும் என்பது அவர்கள் சொல்லும் விதி. கட்டாயம் கிடையாது. வாசலில் யாராவது ‘கேமராவைப் பாருங்க மேடம்’ என்று டேப்லெட்டை நீட்டினால், ‘வேண்டாம், ஐடி காட்டுறேன்’ என்று சொல்லிப் பக்கத்து வரிசையில் போகலாம். சேருகிறவர்களுக்கு இங்கேயும் இனிஷியல் பிரச்சினைதான். டிக்கெட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயராகப் போட்டு, ஆதாரில் வெறும் எழுத்தாக இருந்தால் பெயர் பொருந்தாமல் தள்ளிவிடும். டிக்கெட் போடும்போதே ஆதாரில் உள்ளபடி போடுங்கள். போர்டிங் பாஸைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடாமலும் இருங்கள். பிஎன்ஆரும் பெயரும் தெரிந்தால் பல விமான நிறுவனத் தளங்களில் உங்கள் புக்கிங்கையே திறந்துவிடலாம்.

திரும்பி வந்த பிறகு இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். மைஆதாரில் சரிபார்ப்பு வரலாறு இருக்கிறது, கடந்த ஆறு மாதத்தில் அதிகபட்சம் 50 பதிவுகள் காட்டும். நீங்கள் செய்யாத ரேகைச் சரிபார்ப்பு அதில் இருந்தால் உடனே ஆதார் உதவி எண்ணான 1947க்கு அழையுங்கள். ஆனால் ஜெராக்ஸை யாராவது தவறாகப் பயன்படுத்தினால் இந்தப் பட்டியலில் வராது. அதை வைத்து சிம் வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்க, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளம். மொபைல் எண், ஓடிபி கொடுத்தால் உங்கள் பெயரில் உள்ள எல்லா சிம்களும் வரும். தெரியாத எண் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து ‘என் எண் அல்ல’ என்று கொடுத்துவிட்டு, வரும் குறிப்பு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு முறை பாருங்கள். நகல் போன அன்றைக்கே சிம் வாங்கிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது.